மகள் எங்களை ஏத்தாத கார்

எங்கடை வீட்டு வாசல் டிரைவ்வேயிலை பொலிஸ் கார் நிண்ட காலத்திலைதான் நாங்கள் ஆகக்கூடப் பஸ்ஸிலை திரிஞ்சனாங்கள். சொன்னால் சனம் சிரிக்கும். ஆனால் அதுதான் உண்மை. அந்த உண்மையை நம்புறதுக்குக் கடைசியிலை ஒரு சீவன் இருக்கேல்லை.

மகள் பொலிஸிலை வேலை. எங்களுக்கு ஒரே பிள்ளை, கலியாணம் கட்டேல்லை, கனடாவிலை, வெக்ஸ்போர்ட் பக்கத்திலை எங்களோடைதான் இருந்தவள். எங்கடை பக்கத்திலை வீட்டு வாசலிலை விட்ட கார்கள் விடிய எழும்பிப் பாக்கக் காணாமல் போகத் துவங்கின நேரம், அவளின்ரை மேலிடம் ஒரு புதுத் திட்டத்தைப் பரீட்சிச்சுப் பாத்தது. அந்தந்தப் பகுதியிலை குடியிருக்கிற பொலிஸ்காரர் வேலை முடிய றோந்துக் காரை வீட்டுக்கே கொண்டுபோகலாம். தெருவிலை பொலிஸ் கார் நிண்டால் கள்ளன் கிட்ட வரமாட்டான், அவசரமெண்டால் வீட்டிலையிருந்தே நேரை ஓடலாம் எண்டு அவையின்ரை யோசனை. மகளும் கொண்டுவந்தாள். டிரைவ்வேயிலை ஒரு காருக்குத்தான் இடம் எண்டு தன்ரை பழைய காரை வித்துப்போட்டாள்.

எங்களிட்டை வேறை கார் இல்லை. என்ரை மனுசனுக்குச் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி லைசென்ஸ் போயிட்டுது. நான் கார் பழகவே இல்லை. பழக்க வந்த ஆளை நான் ஏசி, அவர் என்னை ஏசி, அதோடை அந்தப் படிப்பு முடிஞ்சுது.

அப்ப வாசலிலை மினுமினுவெண்டு ஒரு கார் நிக்குது, அதிலை நாங்கள் கால் வைக்கக்கூடாது. அதுதான் அவையின்ரை ரூல். வேலைக்குப் போகலாம், வேலையாலை வரலாம், கூப்பிட்டால் ஓடலாம். கடைக்குப் போகேலாது, வீட்டு ஆக்களை ஏத்தேலாது. "என்ரை கார் இல்லை அம்மா, சிற்றியின்ரை கார்" எண்டு எந்த நேரமும் அதையே சொல்லிக்கொண்டு இருப்பாள்.

ஒரு வின்ரர் காலமை லோறன்ஸ் ரோட்டிலை பஸ்ஸுக்கு நிக்கிறன். ரண்டு கையிலையும் மரக்கறிப் பை, சப்பாத்துக்குள்ளை பனித்தண்ணி. எனக்கு முன்னாலை சிக்னலிலை ஒரு பொலிஸ் கார் வந்து நிண்டுது. உள்ளுக்கை ஆரெண்டு பாத்தால் என்ரை வயித்திலை பிறந்தது! என்னைக் கண்டாள், கையைக் காட்டினாள், பச்சை விழப் போயிட்டாள். பின்சீற்று முழுக்கக் காலி. எனக்கு வந்த விசருக்கு அந்தக் கத்தரிக்காயை எடுத்துக் கண்ணாடியிலை எறிஞ்சிருப்பன்.

பின்னேரம் அவள் சப்பாத்துக் கழட்ட முதலே துவங்கினன். "ரோட்டிலை குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறவனை ஏத்துவாய், பெத்த தாயை ஏத்தமாட்டியோ?"

"அவன் ஏறலாம் அம்மா. நீங்கள் ஏறேலாது" எண்டு சிரிச்சாள். பிறகு நான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறதைக் கண்டிட்டு வந்து பக்கத்திலை இருந்தாள். "ஒரு நாள் ஏத்தினால் அடுத்த நாளும் ஏத்தச் சொல்லுவியள். எங்கடை ஆக்கள் பொலிஸிலை கொஞ்சப்பேர்தான். என்னிலை ஒரு பிழை பிடிச்சினமெண்டால் அது என்னோடை மட்டும் நிக்காது. எனக்குப் பெரிய கெட்டித்தனம் ஒண்டும் இல்லை அம்மா. பேரிலை ஒரு கறை இல்லை, அது ஒண்டுதான் இருக்கு."

அவள் சொன்னது எனக்கு விளங்கினது, ஆனால் கோபம் போகேல்லை. ரண்டும் ஒண்டாய் இருக்கலாம்தானே.

ஒண்டு சொல்லோணும். தகப்பனுக்குக் கண் ஆஸ்பத்திரி வாற நாளிலை அவள் லீவு போடுவாள். பொலிஸ் கார் வாசலிலை நிக்கும், அவள் சாதாரண உடுப்போடை தேப்பனின்ரை கையைப் பிடிச்சு பஸ் ஏத்தி, பாதி வழியிலை இறக்கி, இன்னொரு பஸ் ஏத்திக் கூட்டிக்கொண்டு போவாள். கண்ணுக்கு மருந்து விட்டால் வெளிச்சம் குத்தும் எண்டு தன்ரை தொப்பியை அவருக்குப் போட்டு விடுவாள். நான் கண்ட எந்தப் பிள்ளை இதைச் செய்யும்? ஆனால் மனுசனுக்கு அது பெருமையாய் இருக்கேல்லை. வெக்கமாய் இருந்தது.

அவர் ஊரிலை கச்சேரியிலை, அதுதான் அரசாங்க ஒபிசிலை, கிளாக்காய் இருந்தவர். அங்கை பெரிய உத்தியோகத்தர் ஒருத்தருக்கு அரசாங்கம் ஜீப் குடுத்தால், அந்த ஜீப்பிலைதான் அவற்றை தாய் பூசைக்குப் போவா, பிள்ளையள் பள்ளிக்கூடம் போகும், சந்தையிலையிருந்து மீன் வரும். அதைக் களவெண்டு நினைச்ச ஆளை நான் கண்டதில்லை. ஜீப்பை வாசலிலை விட்டிட்டு தாயை நடக்கவிட்டிருந்தால்தான் சனம் காறித் துப்பியிருக்கும். என்ரை மனுசனுக்கு உத்தியோகம் எண்டால் அப்பிடித்தான். கனடாவுக்கு வந்து எவ்வளவு காலம் போனாலும் அது மாறேல்லை.

எங்கடை மாதா கோயிலிலை பாட்டுப் படிக்கிற பொம்பிளை ஒராள் இருக்கிறா. கெட்ட மனுசி இல்லை, ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. எங்களை பஸ் தரிப்பிலை கண்டிருக்கிறா. பூசை முடிஞ்சு கோப்பி குடிக்கேக்கை எல்லாருக்கும் கேக்கக் கேட்டா: "என்ன அண்ணை, பிள்ளை பொலிஸ் காரிலை பறக்குது, தாய் தேப்பன் குளிருக்கை பஸ்ஸுக்கு நிக்கிறியள்?"

மனுசன் ஒரு கணம் யோசிக்கேல்லை. "சீச்சீ, அண்டைக்கு மட்டும்தான். மற்றப்படி என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கிறதெல்லாம் மகள்தான். அந்தக் காரிலைதான். சிக்னலிலையும் நிக்கிறேல்லை" எண்டார்.

எனக்குக் கோப்பி புரைக்கேறிப் போச்சு. வீட்டை வந்து பிடிச்சன். "இஞ்சை பாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பிள்ளை எந்தக் காரிலை உங்களை ஏத்தினது?"

"பிள்ளையின்ரை பேருக்காண்டித்தான் சொன்னனான். தாய் தேப்பனைப் பாக்காத பிள்ளை எண்டு சனம் கதைச்சால் உமக்குச் சந்தோசமோ?"

கோயில் முற்றத்தோடை நிக்கிற கதை எண்டு விட்டிட்டன். அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலை கதை வளந்துகொண்டு போச்சுது. ஒருக்கால் மடுமாதா படம் வாங்க யூனியன்வில் பக்கத்துக் கடைக்கும் அந்தக் காரிலை போனவராம். பாட்டுக்காரப் பொம்பிளை கன்னத்திலை கைவைச்சுக் கேட்டா. "குடுத்து வைச்சனீங்கள் அண்ணை." மனுசன்ரை முகத்திலை அப்ப வந்த வெளிச்சத்தை நான் எங்கடை கலியாண நாளிலையும் காணேல்லை.

இப்பிடி இருக்கேக்கை தெருவிலை சண்டை துவங்கினது. எங்களுக்கு முன்வீட்டிலை ஒரு கிரேக்கக் கிழவர். எங்களோடை நல்லம், தக்காளிக் கண்டு தருவார். அவர்தான் வீடு வீடாய் ஏறி இறங்கினவர். பொலிஸ் கார் பொலிஸ் ஸ்ரேசனிலை நிக்கோணும், வீட்டிலை நிண்டால் அது சம்பளத்துக்கு மேலாலை குடுக்கிற சீதனம் எண்டு அவற்றை வாதம். பக்கத்துத் தெருக்காரர் சிலர் நேர் எதிர். அந்தக் கார் வந்த நாளிலையிருந்து எங்கடை தெருவிலை ஒரு காரும் களவு போகேல்லை, அதை எடுத்தால் திரும்பவும் கள்ளன் வருவான் எண்டினம். திட்டத்தை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு சனத்தைக் கேக்க கவுன்சிலர் பள்ளிக்கூட ஜிம்மிலை ஒரு கூட்டம் வைச்சார்.

மகள் எங்களை இருத்தி வைச்சுச் சொன்னாள். "நீங்கள் ரண்டு பேரும் போகவேண்டாம். நான் கதைக்கேலாது, நீங்களும் கதைக்கக்கூடாது. காரை எடுத்தால் எடுக்கட்டும். நான் ஒரு பழைய கார் வாங்கி உங்களை ஏத்துறன்."

இந்தக் கடைசி வசனத்தை அந்த மனுசன் காதிலை வாங்கினவரோ தெரியாது. கூட்டத்தண்டு பின்னேரம் சேர்ட்டு அயன் பண்ணிக்கொண்டு நிண்டார். பிள்ளையைப் பற்றிக் கண்டவன் கதைக்கேக்கை தேப்பன் வீட்டிலை இருக்கிறதோ எண்டார். தனிய விட்டால் என்ன கூத்து ஆடுவாரோ எண்டு நானும் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலை வெளிக்கிட்டன்.

ஜிம் நிறையச் சனம். மைக்குக்கு முன்னாலை லைனிலை நிண்டு ஒவ்வொருத்தராய்க் கதைச்சினம். தன்ரை கார் ரண்டு தரம் களவு போனதெண்டு ஒரு பொம்பிளை அழுதா. ஜமேக்காப் பக்கத்துத் தாய் ஒராள் எழும்பினா. தன்ரை மகன் ஒரு பிழையும் செய்யாத பிள்ளை, ஆனால் அந்தக் கார் நிக்கிற தெருவாலை போகாமல் சுத்திப் பள்ளிக்கூடம் போறான், அவனைப் பொலிஸ் மறிச்ச நாளிலையிருந்து அப்பிடித்தான் எண்டா. அவன் சுத்திப் போற தெரு எங்கடை தெரு, அந்தக் கார் எங்கடை வாசலிலை நிக்கிற கார். அண்டைக்கு அந்த மண்டபத்திலை சரியாய்க் கதைச்சது அவ ஒராள்தான் எண்டு இப்பவும் நினைக்கிறன்.

பிறகு முன்வீட்டுக் கிழவர். அவர் ஆரின்ரை பேரையும் சொல்லேல்லை. "இந்தக் கார்களிலை கடைக்குப் போகேல்லை, பிள்ளையளை ஏத்தேல்லை எண்டதை ஆர் பாக்கிறது?" எண்டு மட்டும் கேட்டார்.

மனுசன் எழும்பிட்டார். நான் சேர்ட்டைப் பிடிச்சு இழுத்தன், தையல் விட்டுதே ஒழிய ஆள் இருக்கேல்லை. கண் மங்கலோடை தடவித் தடவி மைக்குக்குப் போனார். அவற்றை இங்கிலிசு நல்ல இங்கிலிசு, கச்சேரி இங்கிலிசு.

"என்ரை மகள் பொலிஸ் உத்தியோகத்தர். அவளைப் போலை ஒரு பிள்ளையை நீங்கள் காணமாட்டியள். அந்தக் கார் சும்மா நிக்கேல்லை. எனக்குக் கண் தெரியாது. அந்தக் காரிலைதான் அவள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாள், கோயிலுக்குக் கொண்டுபோறாள். அரசாங்கத்தின்ரை கார் ஒரு நோயாளிக்கு உதவுறது நல்ல காரியம்தானே?" எண்டார். நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டார், சனம் கைதட்டும் எண்டு பாத்துக்கொண்டு.

ஒருத்தரும் கை தட்டேல்லை. பிறகு ஆரோ ஒருத்தன் சிரிச்சான். கவுன்சிலர் கீழை பாத்தார். முன்வீட்டுக் கிழவர் என்னைப் பாத்த பார்வையிலை சந்தோசம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அங்கங்கை சனம் போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்துக்கொண்டு நிக்குது. என்ரை மாதாவே, நிலம் பிளந்து என்னை விழுங்காதோ எண்டு இருந்தது.

அந்த வீடியோ எங்களுக்கு முதல் மகளின்ரை வேலை இடத்துக்குப் போயிட்டுது. அடுத்தநாளே காரைக் கொண்டுபோயிட்டினம். விசாரணை முடியுமட்டும் அவளுக்கு மேசை வேலை. வீட்டை வந்தவள் தேப்பனை ஏசேல்லை. "ஏனப்பா?" எண்டு மட்டும் கேட்டாள். அவர் "உன்ரை பேருக்காண்டித்தான் பிள்ளை" எண்டார். அவள் மேலை போய்க் கதவைச் சாத்தினாள்.

விசாரணைக்கு ரண்டு பேர் வீட்டை வந்தவை. மரியாதையான ஆக்கள், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வந்தவை. மனுசன் எல்லாத்தையும் சொன்னார். நான் பொய் சொன்னனான், ஒரு நாளும் அவள் என்னை ஏத்தேல்லை, பஸ்ஸிலைதான் போனனாங்கள் எண்டு கும்பிடாக் குறையாய்ச் சொன்னார். அதிலை ஒருத்தி கேட்டாள்: "ஐயா, அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ?" தகப்பன் பிள்ளையைக் காப்பாத்தப் பொய் சொல்லுவார்தானே எண்டு அவளுக்கு முகத்திலை எழுதியிருந்தது. அவர் அதுக்குத்தான் பொய் சொன்னவர், ஆனால் மற்றப் பக்கத்தாலை. அதை இங்கிலிசிலை என்னெண்டு விளங்கப்படுத்துறது? தமிழிலையே எனக்கு வருகுதில்லை.

சரி, காரிலை ஜிபிஎஸ் இருக்கு, அது உண்மையைச் சொல்லும் எண்டு மகள் நம்பியிருந்தாள். அது சொல்லிச்சுது, கார் அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தினையோ தரம் போயிருக்கு எண்டு. போகாமல்? பொலிஸ் கார் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எங்கை போகும்? அடிபட்டவனையும் விசர் பிடிச்சவனையும் கொண்டுபோறதுதானே அவையின்ரை வேலை. லீவு நாளிலை கார் வாசலிலை நிண்டதும் அதிலை கிடந்தது, ஆனால் மற்ற நாளிலை ஏத்தேல்லை எண்டு அது காட்டாது எண்டினம்; ஜிபிஎஸ்ஸும் எங்களுக்கு உதவேல்லை.

கடைசி ஆணியை அடிச்சது எங்கடை சனம். உதவிக்கு வந்துதான் அடிச்சவை. மகளுக்குப் பிரச்சினையாம் எண்டு கேள்விப்பட்டு, கோயில் ஆக்கள் ஆளுக்காள் கவுன்சிலரின்ரை ஒபிசுக்கு போன் அடிச்சிருக்கினம். தங்கமான பிள்ளை, தேப்பனைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாக்கிற பிள்ளை, எல்லா இடமும் அந்தக் காரிலைதான் கூட்டிக்கொண்டு போறவள் எண்டு. பாட்டுக்காரப் பொம்பிளை இன்னும் ஒரு படி மேலை போய், "நான் என்ரை கண்ணாலை கண்டனான், காருக்குள்ளையிருந்து தேப்பனை அணைச்சு இறக்கினவள்" எண்டு விசாரணைக்காரருக்கே சொல்லிப்போட்டா. பிறகு எனக்கு போன் எடுத்து, "அக்கா, பயப்பிடாதேங்கோ, நான் பிள்ளைக்கு நல்லாய்ச் சொல்லியிருக்கிறன்" எண்டா.

நான் ஏசின ஏச்சுக்கு அவ அழுதுபோட்டா. "நல்லதுக்குத்தானே அக்கா சொன்னனான்" எண்டு திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னா. அவவுக்கு உண்மையிலை விளங்கேல்லை. தாய் தேப்பனை ஏத்தினது எப்பிடிக் குற்றமாகும் எண்டு அவவுக்கு இந்தச் சென்மத்திலை விளங்காது.

முடிவு வந்தது. நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லையாம். அவள் செய்யேல்லை எண்டு சொல்லேல்லை, செய்ததைக் காட்ட ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லிச்சினம். எங்கடை பகுதியிலை அந்தத் திட்டத்தையும் நிப்பாட்டிப்போட்டினம். ஜமேக்காத் தாயின்ரை மகன் இப்ப நேர் வழியாலை பள்ளிக்கூடம் போவான் எண்டு நினைக்கிறன். அது ஒண்டுதான் இந்தக் கதையிலை நல்லது.

மகளை அழிச்சது அந்த முடிவும் இல்லை. அவளின்ரை மேலதிகாரி கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டு, அன்பாய்ச் சொன்னாராம்: "யோசிக்காதை. உங்கடை கல்ச்சரிலை குடும்பம்தான் முதல் எண்டு எங்களுக்கு விளங்குது." அவள் இத்தினை காலம் அந்தப் பேச்சு வரக்கூடாது எண்டுதான் தாயைப் பனிக்கை நிக்கவிட்டிட்டுப் போனவள். ஏசியிருந்தால் எதிர்த்துக் கதைச்சிருப்பன் அம்மா, மன்னிச்சுப்போட்டார் எண்டாள்.

மேற்குப் பக்கத்து ஸ்ரேசனுக்கு மாத்தம் கேட்டு வாங்கினாள். தூரத்திலை, பிறம்ரனிலை ஒரு வீட்டுப் பேஸ்மென்ற் வாடகைக்கு எடுத்தாள். அவள் வெளிக்கிட்ட சனிக்கிழமை நான் மேலை அவளின்ரை அறையிலை உடுப்பு மடிச்சுக்கொண்டு இருந்தன். மடிச்சதையே திருப்பி மடிச்சன். கீழை மனுசன் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு ரிவிக்கு முன்னாலை இருக்கிறார். தெரியாத கண்ணுக்கு என்ன ரிவி? வந்து ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்? கத்திக் கூப்பிட்டன். வரேல்லை.

"பிள்ளை, அவர் வயசு போன மனுசன்" எண்டன். "உன்னிலை உள்ள பட்சத்திலைதான் அப்பிடிச் சொன்னவர். மன்னிச்சுவிடன்."

அவள் பெட்டியை மூடிப்போட்டு அதிலையே இருந்தாள். குரலிலை கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாய் இருந்திருக்கும்.

"பொய் சொன்னது எனக்குப் பெரிசில்லை அம்மா. நான் அவரோடை பஸ்ஸிலை போனனான். லீவு போட்டுப்போட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டு போனனான். அதை அவர் கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒரு நாள்கூட. அந்தக் கதையிலை வாற மகளைத்தான் அவருக்கு விருப்பம், என்னை இல்லை." பிறகு என்னை நிமிந்து பாத்தாள். "உங்களுக்கும் அவளைத்தானே விருப்பம்?"

இல்லையடி பிள்ளை எண்டு சொல்ல வாயைத் திறந்தன். நாலு வீட்டுக்குக் கேக்கக் கத்துற வாய். ஒரு சொல்லும் வரேல்லை.